மூட்டைக்கு உடையவன் யார்?

தோழா!

தோவாளையிலே ஒரு மாலைக் கூட்டம். பூ மணக்கும் ஊர். மாலைக்குப் பஞ்சமில்லாத ஊர். மேடை ஏறு முன்பே கழுத்து நிறைந்துவிட்டது. போதைப் பொருளின் கேட்டினைப் பற்றிப் பேச அழைத்திருந்தனர். பேசினேன், ஒன்றரை மணி நேரம்! நஞ்சு என்றேன், நாசம் என்றேன், நாளைய தலைமுறையை நடைப்பிணமாக்கும் நச்சரவு என்றேன். நாடக மேடையிலே பழகியவன் அல்லவா! எங்கே குரலைத் தாழ்த்தினால் எங்கே கையொலி எழும் என்பது தெரியும். எழுந்தது; மகிழ்ந்தேன். மாலைகளைக் கழற்றிக் கையிலே வைத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினேன்.

இறங்கிய இடத்திலே ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். பூக்கட்டிப் பிழைப்பவள். நார் இழுத்து இழுத்து விரலெல்லாம் தழும்பேறியவள்.

"மக்களே, நல்லாத்தான் பேசினே. எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல்லை. எம் பய சொமந்துகிட்டு வந்தானே மூட்டை, அதுக்கு உடையவன் ஆரு? அதை நீ சொல்லல்லியே!" என்றாள்.

கதையைக் கேட்டேன். பத்தொன்பது வயதுப் பையன். சென்னையிலே ஏதோ ஒரு வேலை, அதுவும் போயிற்று. ஊர் திரும்பும்போது எவனோ ஒருவன் ஒரு பையைக் கொடுத்தான். நாகர்கோவிலில் இன்னொருவன் வந்து வாங்கிக்கொள்வான் என்றான். வழிச்செலவும் கொடுத்து, மேலே சில ஆயிரமும் தருவதாகச் சொன்னான். வழியிலே சோதனை. பைக்குள்ளே கஞ்சா, 21 கிலோ. கொடுத்தவனின் தொலைபேசி அன்றே அணைந்தது. வாங்க வேண்டியவன் வரவே இல்லை. பையன் சிறையிலே எட்டாவது மாதம்.

"தெரியாமலா தூக்கினான்?" என்று நீ கேட்கக்கூடும், தோழா. தெரிந்தும் இருக்கலாம், மணத்தை மறைக்க முடியாத சரக்கு அது. அந்தத் தாயே அதை மறைக்கவில்லை. "தப்புத்தான் மக்களே, தண்டிக்கட்டும். ஆனா அவனா அதைப் பயிரிட்டான்? அவனா வெலை பேசினான்? வித்த காசு அவன் வீட்டுக்கா வந்துது?" என்று கேட்டாள்.

ஒன்றரை மணி நேரம் பேசிய எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த மாலை கனத்தது. மூட்டை சுமந்தவனைத் தெரியும். மூட்டையால் கெட்டவனைத் தெரியும். மூட்டைக்கு உடையவனைத் தெரியாது! தெரியாதவன் எதற்காக மேடை ஏறினேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அந்த வெட்கத்திலே பிறந்ததுதான் இன்றைய கோரிக்கை.

கோரிக்கை இதுதான். சட்டத்துக்குப் புறம்பான போதைப் பொருள் வணிகம் எவ்வாறு நடக்கிறது, எவர் முதலில் நடக்கிறது, எவர் முதுகிலே நடக்கிறது என்பதனைப் பல்கலைக்கழகத்திலே, முதுகலை வகுப்பிலே, ஒரு முழுப் பருவத்துக்கு உரிய தனிப் பாடமாகக் கற்பிக்க வேண்டும். நம் பகுதிப் பல்கலைக்கழகத்திலே கற்பிக்க வேண்டும். தமிழிலே கற்பிக்க வேண்டும்.

சிரிப்பாய்! கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டவன், கட்டணம் கட்ட வழியின்றி வெளியே வந்தவன், முதுகலைப் பாடத்திட்டம் வகுக்கக் கிளம்பிவிட்டானே என்று சிரிப்பாய். சிரி. பசித்தவன்தான் பந்தியைப் பற்றி அதிகம் சிந்திப்பான். உள்ளே இருப்போர் கேட்க மறந்ததை, வெளியே நிற்பவன் கேட்பதிலே தவறென்ன?

நெல்லைச் சீமையிலே, அபிசேகப்பட்டியிலே நிற்கிறதே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அது 1990-இல் தோன்றியது. குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் குடைக்கீழ் வருவன. நாடகக்காரன் எனக்கு அதிலே ஒரு தனிப் பெருமை உண்டு. 1891-இல் வெளிவந்த ஒரு நாடக நூலின் பெயரையும் அதை யாத்த பேராசிரியரின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் அது! அங்கே குற்றவியலுக்கென்றே ஒரு துறையும் உண்டு. வீடு இருக்கிறது; விளக்கு இருக்கிறது; இந்த ஒரு மூலையிலும் அதை ஏற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"உறுதிமொழி எடுக்கவில்லையா? ஊர்வலம் போகவில்லையா?" என்பர். எடுத்தோம். 2022 ஆகஸ்ட் 11-ஆம் நாள் தமிழகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவரும் போதைக்கு எதிராக உறுதிமொழி ஏற்றனர். நல்ல காரியம், குறை கூறமாட்டேன். பிரச்சாரத்தின் வலிமையை அறியாதவனும் அல்லன் நான். இதே நாஞ்சில் மண்ணின் ஒழுகினசேரி ஈன்ற கலைவாணர், 1949-இல் 'நல்லதம்பி' படத்திலே மதுவிலக்கை மக்கள் மனத்தில் பதிய வைத்தார்; கதை, அறிஞர் அண்ணா தந்தது. அந்த வழியிலே வந்த கலைஞர்கள் நாம். ஆனால், தோழா, 'கூடாது' என்று சொல்லிவிட்டால் போதுமா? 'கூடாது' என்பது ஒரு சுவர். 'ஏன்? எப்படி? எவருக்காக?' என்பவை வாயில்கள். சுவரை மட்டும் எழுப்பிவிட்டு வாயிலை மறந்த கட்டடத்திலே நம் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பாடத்திட்டத்தை நானே வரைந்தும் வைத்திருக்கிறேன். பட்டம் பெறாதவனுக்கு வாய்க்கும் துணிவு இது! நான்கு பாடங்கள். கேள்.

முதற் பாடம், வரலாறு.

மூட்டைக்கு உடையவன் முகத்தை மறைத்துக்கொள்ளும் வித்தை நேற்று முளைத்ததன்று. அதற்கு முதல் ஆசான், வெள்ளைக்காரக் கும்பினி! கங்கைக் கரையிலே காஜிப்பூர் என்றோர் ஊர். 1820-இல் அங்கே அபினித் தொழிற்சாலை எழுந்தது. சுற்று வட்டத்து உழவர்க்கு முன்பணம் கொடுப்பர். கசகசாச் செடி பயிரிடச் செய்வர். விளைந்ததைக் கும்பினி குறித்த விலைக்குக் கும்பினிக்கே கொடுத்தாக வேண்டும். அபினியைப் பெட்டிகளிலே அடைத்துக் கல்கத்தாவிலே ஏலம் விடுவர்.

அந்தச் சரக்கு போய்ச் சேரும் இடம் சீனம். சீனத்துப் பேரரசரோ 1729-லேயே அபினி விற்பனைக்குத் தடை விதித்துவிட்டார். தடையை மீறிக் கும்பினி தன் கப்பலில் அனுப்பியதா? இல்லை! தன் கப்பல்களிலே அபினி ஏற்றலாகாது என்று தானே கட்டளையிட்டது. ஏலத்திலே எடுத்த தனி வணிகர்கள் ஏற்றிச் சென்றனர். "நாங்கள் விற்றது கல்கத்தாவில், வாங்கியவர் எங்கே கொண்டு செல்கிறார் என்பது எங்கள் கவலையன்று" என்பது கும்பினியார் நிலை. பணம் பெட்டிக்குள், பாவம் பிறர் தலையில்! பார்த்தாயா, தோழா, தோவாளைத் தாயின் கேள்வி எவ்வளவு பழையது என்பதை!

1839-இல் லின் செஷு என்ற சீனத்து அதிகாரி 20,000-க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி, ஹூமன் கடற்கரையிலே அழித்தார். தன் நாட்டுச் சட்டத்தைத் தன் மண்ணிலே நிலைநாட்டினார். பரிசு என்ன? போர்! 1842-இல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் தீவு பறிபோயிற்று. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம். அதிலே 60 லட்சம், அழிந்த அபினிக்கு ஈடு! கள்ளச் சரக்கைப் பிடித்தவன் கள்ளனுக்கு நட்டஈடு தந்த விந்தையை வேறெங்கே கேட்டிருக்கிறாய்?

அபினிப் பணம், நிலவரிக்கு அடுத்தபடி ஆங்கில ஆட்சிக்கு இந்தியாவிலே கிடைத்த பெருவருவாய்களுள் ஒன்றாக விளங்கிற்று. நம்மவருக்கும் அதிலே பங்கு இருந்தது என்பதை மறைக்கலாகாது. பம்பாய்ப் பெருவணிகர் ஜம்சேத்ஜி ஜீஜீபாயின் செல்வத்திலும் சீனத்து அபினி வணிகத்தின் பங்கு உண்டு. எதிர்த்த குரலும் எழுந்தது. தாதாபாய் நௌரோஜி கண்டித்தார். 1881-இல், இருபது வயது இளைஞரான தாகூர், சீனத்திலே நடப்பது சாவு வணிகம் என்று வங்க ஏட்டிலே எழுதினார். டெல்லிப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் அமர் ஃபரூக்கி, மாளவத்து அபினி கும்பினியின் கட்டுக்காவலை மீறிக் கடல் ஏறிய கதையை ஆராய்ந்து 1998-இல் நூலே வெளியிட்டார். தன் சரக்கு போனால் வாணிபம், பிறர் சரக்கு போனால் கடத்தல் என்ற இலக்கணம் கும்பினி எழுதியது என்பது அந்த ஆராய்ச்சியைப் படிப்போர்க்கு விளங்கும். இவையெல்லாம் நூலகத்திலே உறங்குகின்றன. நம் மாணவன் அறிந்ததோ, அபினிப் போர் என்ற இரண்டு மதிப்பெண் வினா!

இரண்டாம் பாடம், பொருளியல்.

நம் கடலுக்கு வருவோம். 2022 மே மாதம், இலட்சத்தீவுக் கூட்டத்தின் அகத்தித் தீவுக்கு அருகே, தமிழகக் கரையிலிருந்து புறப்பட்ட இரு மீன்பிடிப் படகுகளைக் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் மடக்கின. உள்ளே 218 பொட்டலம்; ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஹெராயின். அனைத்துலகச் சந்தையிலே 1,526 கோடி ரூபாய் பெறும் என்று அதிகாரிகள் அறிவித்தனர். வகுத்துப் பார், கிலோவுக்கு 7 கோடி!

குற்றவாளி எவர் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தச் செய்தியைக் காட்டி மீனவர் குலத்தின்மீதே பழி சுமத்தத் துணிவோரை நாம் விடமாட்டோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார். ஏன் மீன்பிடிப் படகு? தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆகிய ஊர்களின் மைந்தர், நாட்கணக்கிலே, வாரக்கணக்கிலே ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கும் திறலோர். காற்றின் போக்கும் நீரோட்டத்தின் திசையும் கை ரேகையாய் அறிந்தவர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசியபோது, கரை திரும்பாத ஆடவர்க்காக அந்தக் கரை முழுதும் அழுததை நாம் மறக்கவில்லை. அத்தகைய அறிவும், அதன் தலைமேல் ஏறி அமர்ந்த கடனும் ஓரிடத்திலே சேர்ந்திருக்கக் கண்டால், மூட்டைக்கு உடையவனின் கண் அங்கே விழாமலா இருக்கும்? கடலை அறியாதவன், கடலை அறிந்தவனைக் கூலிக்கு அமர்த்தப் பார்க்கிறான்!

இனி அந்த 7 கோடியைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கிலோ ஹெராயினுக்கு ஏறத்தாழ 10 கிலோ அபினி வேண்டும். 2022-இல் ஆப்கானிஸ்தானத்து உழவனுக்கு, ஒரு கிலோ அபினிக்குக் கிடைத்த விலை சுமார் 100 முதல் 200 டாலர். பத்துக் கிலோவுக்கு, அந்நாளைய நம் நாணயக் கணக்கிலே, ஒன்றரை லட்ச ரூபாயை ஒட்டித்தான் வரும். ஒன்றரை லட்சம் எங்கே? ஏழு கோடி எங்கே? ஒரு முனையிலே விளைவித்தவனுக்குச் சில்லறை. மறு முனையிலே சுமந்தவனுக்குக் கூலி. நடுவிலே மறைந்தது மலையளவு! அந்த மலையைத் தேடுவதற்குப் பெயர்தான் பொருளியல். தாயின் கேள்விக்கு விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இன்னும் கேள். 2022 ஏப்ரலிலே ஆப்கானிஸ்தானத்துத் தாலிபான் ஆட்சி அபினிப் பயிருக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே பயிர்ப்பரப்பு 95 விழுக்காடு சரிந்தது என்று ஐக்கிய நாடுகள் அவையின் அலுவலகம் கணக்கிட்டுச் சொன்னது. ஒழிந்ததா அபினி? 2023-இல் மியான்மர் முதலிடத்துக்கு வந்தது! நாஞ்சில் நாட்டு உழவனைக் கேள். வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தால், நீர் வேறொரு கரையை உடைத்துக்கொண்டு பாயும் என்பான். ஆந்திரத்திலே விசாகப்பட்டினத்து மலைப்பகுதியிலே ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாத் தோட்டங்களை அழித்து, 2022 பிப்ரவரியிலே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைத் தீயிட்டனர். தீயின் புகை அடங்கிற்று. தோவாளைப் பையனின் பையிலே 21 கிலோ வந்து சேர்ந்தது! பயிரிட்ட மலைவாழ் ஏழைக்கு வேறு பயிர் எது, வேறு வழி எது என்று ஆராயாமல், செடியை மட்டும் பிடுங்கினால் வேர் போய்விடுமா?

மூன்றாம் பாடம், சட்டம்.

பூவை எடை போட்டுப் பழகிய அந்தத் தாய் அறியாத தராசு ஒன்று உண்டு. 1985-இல் இயற்றிய போதைப் பொருள் சட்டத்தின் தராசு! கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு; தண்டனை ஓராண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரை நீளக்கூடிய கடுங்காவல். ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். பிணையும் எளிதன்று. குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிமன்றம் முதலிலேயே மனநிறைவு கொள்ள வேண்டும். பையனின் பை 21 கிலோ. அந்த ஒரு கிலோவின் கனம் பத்தாண்டு!

பையிலே என்ன இருக்கிறதென்று அறிந்தே சுமந்தான் எனச் சட்டம் அனுமானிக்கும். அறியேன் என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அவனுடையது. வெளியே உள்ள பணக்காரனுக்கு அது வழக்கறிஞர் படை. உள்ளே உள்ள ஏழைக்கு அது வானத்து நிலவு.

அதே சட்டத்திலே 27-ஏ என்றொரு பிரிவும் உண்டு. இந்த வணிகத்துக்குப் பணம் போடுபவனுக்கும் பத்து முதல் இருபது ஆண்டு. பிரிவு இருக்கிறது, பிடிபடுபவன் யார்? சுமந்தவன் எத்தனை பேர், முதல் போட்டவன் எத்தனை பேர் என்று மாவட்ட நீதிமன்றத்துத் தீர்ப்புகளை எண்ணிப் பார்த்துச் சொல்லட்டுமே முதுகலை மாணவர்! இதைவிட நல்ல ஆய்வு வேறென்ன வேண்டும்?

2020 அக்டோபர் 29-இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. டோஃபன் சிங்குக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கு. இச்சட்டத்தின் கீழ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது தீர்ப்பு. நம் மாநிலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் வழக்கு. நம் கிளைகளிலே எத்தனை பேருக்குத் தெரியும்? காவலிலே இருப்பவர் எவராயினும், வருமானம் பாராமல், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெற உரிமை உண்டு என்பதாவது தெரியுமா? அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. மாலை போட்டுக்கொண்ட நானும் அன்று சொல்லவில்லை!

கடல் கடந்த தமிழனையும் ஒரு கணம் நினை. மலேசியாவின் நாகேந்திரன் தர்மலிங்கம், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையிலே கட்டி எடுத்துவந்தார் என்று 2009-இல் சிங்கப்பூரிலே பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சோதனை காட்டியது. உலகெங்கும் கருணை வேண்டிக் குரல் எழுந்தது. 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டனர். சுமந்தவன் பெயரை உலகம் அறியும். சுமக்கச் செய்தவன் பெயர், உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

நான்காம் பாடம், மருத்துவம்.

2019-இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு, டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தியது, கூறுகிறது: கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடியே 10 லட்சம், அபினி, ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் சுமார் 2 கோடியே 26 லட்சம், மது அருந்துவோரோ சுமார் 16 கோடி! மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தனர். ஒரு போதைக்கு உரிமப் பலகை, மற்றொரு போதைக்குக் கைவிலங்கு என்று கோடு கிழித்தது எது? அறிவியலா, வரலாறா, வருவாயா? இதையும் அந்த வகுப்பிலே கூசாமல் கேட்க வேண்டும். ஆளுவோர் எவராயினும் அவர்களுக்குக் கசக்கும் கேள்வி, கசக்கட்டும். மருந்து இனிப்பதில்லை.

அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், உண்டதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து காக்கும் 64-ஏ என்ற பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. சிறை வாயிலைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். ஆசாரிப்பள்ளத்து மருத்துவமனை வாயிலைப் பற்றி எத்தனை மேடையிலே பேசினோம்?

இவைதாம் பாடங்கள். இனி, மறுப்புரைகள். கூட்டத்திலே எழக்கூடியவற்றை நானே எழுப்பிவிடுகிறேன்.

"களவைக் கற்பித்தால் கள்வன்தானே உருவாவான்?"

களவும் கற்று மற என்பது நம் பழமொழி. 'களவும் கத்தும் மற' என்பதே மெய்யான பாடம் என வாதிடும் புலவரும் உண்டு. எப்படியாயினும், மறப்பதற்கு முன்னே ஒன்றை அறிந்திருக்க வேண்டுமன்றோ! நஞ்சின் இயல்பைப் படியாத மருத்துவனிடம், பாம்பு கடித்தவனை நீ தூக்கிச் செல்வாயா? காய்ச்சும் முறையையும் கடத்தும் வழியையும் கற்பிக்கச் சொல்லவில்லை நான். அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பணம் போகும் வழியைக் கற்பிக்கச் சொல்கிறேன். அது நமக்குத்தான் தெரியாது.

"காவல் துறை இருக்கையில் கல்லூரிக்கு என்ன வேலை?"

காவலர் மூட்டையைப் பிடிப்பர். அது அவர் கடமை. மூட்டை ஏன் வந்தது என்று கேட்பது மாணவன் கடமை. அமெரிக்காவிலே, யேல் பல்கலைக்கழகத்திலே, ஆல்ஃப்ரெட் மெக்காய் என்றோர் ஆராய்ச்சி மாணவர். வியட்நாம் போர் நடந்த காலம். தென்கிழக்கு ஆசியாவின் ஹெராயின் எங்கிருந்து எழுகிறது, எவர் துணையால் நகர்கிறது என்று லாவோஸ் மலைகள் வரை சென்று தேடினார். தம் நாட்டின் நேச அணியினரே அதிலே சம்பந்தப்பட்டிருந்ததை எழுதினார். 1972-இல் நூல் வெளிவருமுன், கையெழுத்துப்படியைத் தனக்குக் காட்டும்படி பதிப்பகத்தை நெருக்கியது அந்நாட்டு மத்திய உளவுத்துறை! அதன் மறுப்பில் வலுவில்லை என்று கண்ட பதிப்பகம் நூலை வெளியிட்டது. மாணவர் பின்னாளில் பேராசிரியரானார். பார், தோழா! துப்பாக்கிக்கு அஞ்சாத துறை, ஒரு மாணவனின் வினாவுக்கு அஞ்சியது!

"இதிலே நம் இயக்கத்துக்கு என்ன வேலை? இதில் அரசியல் எங்கே?"

இதை நம் தோழர் ஒருவரே கேட்டார். ஏழை சிறைக்கும் முதலாளி மாளிகைக்கும் போகும் ஒரு வணிகத்திலே அரசியல் இல்லையென்றால், வேறெங்கே இருக்கிறது அரசியல்? வாக்குச் சாவடியில் மட்டுமா?

வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் மட்டும் போதாது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வரட்டும். ஆசாரிப்பள்ளத்து மனநல மருத்துவர் வரட்டும். ஆழ்கடல் கண்ட மீனவப் பெரியவர் வரட்டும். மீண்டு எழுந்த இளைஞன் வந்து, தன் பெயர் சொல்லாமலே தன் கதை சொல்லட்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வழக்கை, கைதான நாள் முதல் தீர்ப்பு நாள் வரை, நீதிமன்றத்திலே அமர்ந்து தொடர்ந்து எழுதட்டும். அதுவே தேர்வு. எழுதியவை தமிழிலே அச்சேறி, ஊர்தோறும் வரட்டும்.

பல்கலைக்கழகம் இசையும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுமா? படிப்பகங்களிலே வளர்ந்த இயக்கமல்லவா நம்முடையது! தேநீர்க்கடை ஓரத்திலே, ஓலைக் கொட்டகையிலே, ஒருவன் உரக்கப் படிக்க ஊரே கேட்டு வளர்ந்த வரலாறு நம்முடையது. ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, நம் கிளை ஒவ்வொன்றும், இப்பாடத்தைத் தொடங்குமாறு பல்கலைக்கழகத்துக்குத் தீர்மானம் அனுப்பட்டும். ஞாயிறுதோறும் படிப்பகத்திலே இந்தச் சட்டத்தின் ஒரு பிரிவை, ஒரு தீர்ப்பைப் படித்து விளக்கட்டும். போதையிலே தள்ளாடும் பையனைக் கண்டால் கை ஓங்காதே. மருத்துவமனைக்கு அழைத்துச் செல். பிடிபட்டவனின் வீட்டைக் கண்டால் முகம் திருப்பாதே. இலவச வழக்கறிஞர் கிடைக்கும் இடத்தைக் காட்டு. விற்பவன் எவன் என்று தெரிந்தால், அவன் நம் கொடியையே பிடித்தவன் ஆயினும், மறைக்காதே. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அதனாலேயே அதைக் கடைசியில் சொன்னேன்.

தோவாளைக்கு மீண்டும் போனேன், தோழா. இம்முறை மேடை இல்லை, மாலை இல்லை. அந்தத் தாயை அழைத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சென்று, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். வழக்கறிஞர் கிடைப்பார். வழக்கு எப்படி முடியும் என்று நான் வாக்களிக்கவில்லை. வாக்களிக்க என்னிடம் ஏதுமில்லை. திரும்பும் வழியிலே அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.

"அது கெடக்கட்டும் மக்களே, மூட்டைக்கு உடையவன் ஆருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியவில்லை அம்மா. ஆனால் படிக்கத் தொடங்கியிருக்கிறோம்" என்றேன்.

அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிடாதே, தோழா!